ஒரு பிக்ஸல், 166 மீட்டர்

நிலவியல் வரைபடம் என்றதும் மலை எங்கே, பள்ளம் எங்கே என்று காட்டும் படம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதைக் காட்டப் புகைப்படமே போதும். நிலவியல்காரர் வரைவது வரிசையை: எது முதலில் வந்தது, எது அதன்மேல் படிந்தது, எது இரண்டையும் வெட்டிக்கொண்டு போனது. வண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. இரண்டு வண்ணங்களுக்கு நடுவில் ஓடும் கோட்டைத் தொழிலில் ‘கான்டாக்ட்’ என்போம். எங்களுக்குச் சம்பளம் கொடுப்பது அந்தக் கோட்டுக்காகத்தான். நான் போட்ட கோடுகள் புதன் கிரகத்தின் மேல்.

பூமியில் இந்த வேலையைக் கற்கும்போது கால்தான் முதலில் கற்கும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் சுத்தியலும் க்ளைனோமீட்டருமாக அலைந்தவள் நான். என்ன பாறை என்று சந்தேகம் வந்தால் உடைத்துப் பார்க்கலாம். ஒரு சொட்டு அமிலம் விட்டு நுரைக்கிறதா என்று பார்க்கலாம். களிமண்ணா வண்டலா என்று கடித்துப் பார்த்துச் சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. புதனில் இதுவரை எந்தக் கலமும் பத்திரமாகத் தரையிறங்கியதில்லை. அங்கிருந்து வந்ததென்று உறுதியாகச் சொல்ல ஒரு கல்லும் நம் கையில் இல்லை. இருப்பது படங்கள், சில கருவிகளின் அளவீடுகள், அவ்வளவுதான். இங்கிலாந்தில் முனைவர் பட்டத்துக்கு இந்த வேலையை எடுத்துக்கொண்டபோது, அரியலூரில் எனக்குத் துணையாக இருந்த அத்தனையும் பெட்டிக்குள் போய்விட்டன. மிச்சம் இருந்தது ஒரே ஒரு விதி. மேலே கிடப்பது இளையது, வெட்டுவது வெட்டப்பட்டதைவிட இளையது. 17ஆம் நூற்றாண்டில் நீல்ஸ் ஸ்டெனோ இத்தாலியப் பாறை அடுக்குகளைப் பார்த்து எழுதி வைத்தது அது. 1960களின் தொடக்கத்தில் யூஜின் ஷூமேக்கர் அதையே தொலைநோக்கியில் தெரிந்த நிலவின் கோப்பர்நிக்கஸ் பள்ளத்தின்மேல் போட்டுப் பார்த்தார். காலடி படாத ஒரு நிலத்துக்கும் காலவரிசை எழுத முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

புதனுக்கு முதலில் போனது மரைனர் 10. 1974, 75இல் மூன்று முறை கடந்து சென்றது. மூன்று முறையும் அதன் கண்ணில் பட்டது கிரகத்தின் ஒரே பக்கம். காரணம் வெறும் கணக்கு. கலம் சூரியனை ஒருமுறை சுற்றிவர சுமார் 176 நாள். புதனில் ஒரு விடியலிலிருந்து அடுத்த விடியலுக்கும் அதே 176 நாள். ஆகவே கலம் திரும்பி வரும்போதெல்லாம் அதே நிலம் வெயிலில் கிடந்தது. கிரகத்தில் சுமார் 45 சதவீதம் படமானது, மீதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெற்றுத்தாளாகவே இருந்தது. அதை நிரப்பியது மெசஞ்சர். 2004 ஆகஸ்டில் கிளம்பி, 2011 மார்ச் 18இல் புதனின் சுற்றுப்பாதையில் அமர்ந்து, 2015 ஏப்ரல் 30இல் எரிபொருள் தீர்ந்து தரையில் மோதி முடிந்தது. அதன் பாதை நீள்வட்டம்: வடக்கே சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் தாழப் பறக்கும், தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டருக்கு ஏறிவிடும். அதனால் வடபாதியின் படங்கள் நுட்பமானவை. லேசர் உயரமானியின் அளவீடுகளும் ஏறக்குறைய வடபாதிக்கு மட்டும்தான். தெற்கில் வேலை செய்யும் நண்பர்கள் எங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். நியாயமான பெருமூச்சுதான்.

கிரகத்தைப் பதினைந்து பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். துருவங்களுக்கு ஒவ்வொன்று, நடு அட்சரேகைகளில் வடக்கே நான்கு தெற்கே நான்கு, நடுக்கோட்டை ஒட்டி ஐந்து. மரைனர் காலத்து வரைபடங்கள் 1:50 லட்சம் அளவில் வந்தவை. இப்போது நாங்கள் செய்வது 1:30 லட்சம். அச்சிட்ட தாளில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் 30 கிலோமீட்டர். என் பகுதி வடக்கின் நடு அட்சரேகையில் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 50 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவைப்போல் ஒன்றரை மடங்கு. இதை ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து வரைகிறாள் என்றால் சிரிப்பு வரும், எனக்கும் வந்தது.

அடிப்படைப் படம் மெசஞ்சரின் ஆயிரக்கணக்கான படங்களை ஒட்டிச் செய்த மொசைக். அதில் ஒரு பிக்ஸல் 166 மீட்டர். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்து வரைவது என்பதற்கு வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளரின் கணக்கு ஒன்று உண்டு. பிக்ஸலின் மீட்டர் அளவை இரண்டாயிரத்தால் பெருக்கினால் வருவதுதான் எல்லை. 166க்கு அது 1:3,32,000. நாங்கள் மூன்று லட்சத்துக்கும் நான்கு லட்சத்துக்கும் நடுவில் நிற்போம். புதிதாக வரும் மாணவர்கள் இன்னும் பெரிதாக்குவார்கள், இன்னும் துல்லியமாகப் போடலாம் என்று. அங்கே நிலம் இல்லை, சாம்பல் நிறச் சதுரங்கள்தான் இருக்கின்றன. அதைவிட மோசம், ஒரு மூலையை உருப்பெருக்கி வரைந்துவிட்டு அடுத்த மூலையை அவசரத்தில் வரைவது. வரைபடம் முழுக்க ஒரே கவனத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் சிக்கலான நிலம்போலவும் மறுபக்கம் எளிய நிலம்போலவும் தெரியும், உண்மையில் வித்தியாசம் வரைந்தவரின் பொறுமையில்தான் இருக்கும்.

இந்தத் தொழிலில் எதைப் பற்றியாவது விரிவாகப் பேச வேண்டுமென்றால் நான் வெளிச்சத்தைப் பற்றித்தான் பேசுவேன். சூரியன் தாழ்ந்திருக்கும்போது எடுத்த படத்தில் சின்ன மேடுகூட நீளமாக நிழல் விடும், நிலத்தின் வடிவம் கண்ணில் அறையும். ஆனால் கருமை வெண்மை வித்தியாசம் நிழலில் அமுங்கிப்போகும். சூரியன் உச்சியில் இருக்கும்போது நேர்மாறு. மலைகள் காணாமல் போய்விடும், எந்தப் பாறை கறுப்பு, எது வெளுப்பு என்பது மட்டும் பளிச்சென்று நிற்கும். அதனால் ஒரே இடத்துக்குப் பல மொசைக்குகள் வைத்திருப்போம். கிழக்கிலிருந்து வெயில் அடிப்பது ஒன்று, மேற்கிலிருந்து அடிப்பது ஒன்று, உச்சிவெயில் ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு லேயரையும் அணைத்தும் போட்டும் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் நாள் முழுக்க வேலை.

ஏன் இத்தனை என்று கேட்பவர்களுக்கு ஒரு சரிவைக் காட்டுவேன். கிழக்கே பார்த்த ஒரு நீண்ட சரிவு, மேற்கு வெயிலில் கறுப்புக் கோடாகத் தெரியும். அதே சரிவு கிழக்கு வெயிலில் மங்கலான வெள்ளைப் பட்டை. உச்சிவெயிலில் அப்படி ஒன்று இருந்த சுவடே இருக்காது. வெயிலோடு இணையாக ஓடும் சரிவு என்றால் தாழ்ந்த வெயிலிலும் ஒளிந்துகொள்ளும். வடக்கு தெற்காக ஓடும் பிளவுகளே ஒரு பகுதியில் அதிகம் என்று யாராவது எழுதினால், நான் முதலில் கேட்பது வெயில் எந்தப் பக்கம் அடித்தது என்பதை.

கண்ணும் ஏமாற்றும். கீழிருந்து வெளிச்சம் வரும் படத்தில் பள்ளங்கள் எல்லாம் கவிழ்த்த இட்லி மாதிரி மேடாகத் தெரியும், ஒருமுறை அப்படித் தெரிந்துவிட்டால் மூளை லேசில் விடாது. படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் சரியாகிவிடும். மொசைக்கின் தையல்கள் இன்னும் பெரிய ஏமாற்று. வெவ்வேறு நாளில், வெவ்வேறு வெயிலில் எடுத்த இரண்டு படங்கள் சேரும் இடத்தில், ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் கரடுமுரடாகவும் இருக்கும். அச்சு அசல் ஒரு கான்டாக்ட். நேராக ஓடினால்தான் சந்தேகம் வரும், ஏனென்றால் இயற்கை அவ்வளவு நேராகக் கோடு போடாது.

வரைவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பள்ளங்கள். 5 கிலோமீட்டருக்கு மேற்பட்டவற்றின் விளிம்பைக் குறித்துவிடுவோம், 20 கிலோமீட்டரைத் தாண்டியவற்றுக்கு வகுப்பும் உண்டு. விளிம்பு கூராக, உள்சுவரின் படிகள் கலையாமல், வெளியே வீசியெறிந்த பொருள் தெளிவாக இருந்தால் இளையது. விளிம்பு மழுங்கி, தரை நிரம்பி, மேலே வேறு பள்ளங்கள் விழுந்திருந்தால் மூத்தது. எங்களில் சிலர் மூன்று வகுப்பு போதும் என்போம், சிலர் மரைனர் காலத்திலிருந்தே வரும் ஐந்து வகுப்பு வேண்டும் என்பார்கள். உலகம் முழுக்க வரைபடக்காரர்கள் சேர்ப்பவர்கள், பிரிப்பவர்கள் என்று இரண்டு ஜாதி. நான் சேர்ப்பவள். மூன்று வகுப்பிலேயே நடுவில் நிற்பவை என்னைத் தூங்க விடுவதில்லை, ஐந்து என்றால் நான்கு இடத்தில் தடுமாற வேண்டும்.

அடுத்தது சரிவுகளும் முகடுகளும். புதன் தன் உள்வெப்பத்தை இழந்து சுருங்கிக்கொண்டே வந்த கிரகம், மேலோடு உடைந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. இப்படி எழுந்த சரிவுகளுக்கு ஆய்வுப் பயணக் கப்பல்களின் பெயர்களைச் சூட்டுவது வழக்கம்: டிஸ்கவரி, விக்டோரியா, பீகிள். பீகிள் சரிவு 600 கிலோமீட்டருக்கு மேல் நீளம், ஸ்வைன்ஸ்டாட்டிர் என்ற நீள்வட்டப் பள்ளத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஸ்டெனோவின் விதியைப் பாடம் நடத்த இதைவிட நல்ல படம் கிடையாது. பள்ளம் முதலில், அதைப் பாதி நிரப்பிய சமவெளி அடுத்து, சரிவு கடைசியில். இந்தச் சரிவுகளை எண்ணி அளந்துதான் கிரகம் எவ்வளவு சுருங்கியது என்று கணக்கிடுகிறார்கள். மரைனர் படங்களை வைத்து ஆரத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான் குறைந்தது என்று சொல்லிவந்தார்கள். முழுக் கிரகத்தையும் மெசஞ்சர் காட்டிய பிறகு 2014இல் வந்த கணக்கில் அது 7 கிலோமீட்டர் வரை போனது. வெப்பக் கோட்பாட்டுக்காரர்கள் நெடுங்காலம் கேட்டுவந்த எண்ணும் கிட்டத்தட்ட அதுதான். பலர் உட்கார்ந்து ஒவ்வொரு சரிவாக வரைந்து பெற்ற எண் அது என்பதில் எனக்குச் சொந்தப் பெருமை மாதிரி ஒரு பெருமை உண்டு, அதில் என் கை இல்லாவிட்டாலும்.

கடைசியில் சமவெளிகள், தலைவலி தொடங்கும் இடமும் அதுதான். வட துருவத்தைச் சூழ்ந்து பொரியாலிஸ் என்ற பெரிய எரிமலைச் சமவெளி இருக்கிறது. லாவா வெள்ளமாக வந்து பழைய பள்ளங்களை மூழ்கடித்திருக்கிறது. மூழ்கிய பள்ளங்களின் விளிம்பு மேலே வட்டமான முகடாகத் தெரியும், அவற்றைப் பேய்ப் பள்ளங்கள் என்போம். எவ்வளவு பெரிய பள்ளம் எவ்வளவு மறைந்தது என்பதிலிருந்து லாவாவின் தடிமனையே ஊகிக்கலாம். இந்த வழுவழுப்புச் சமவெளியின் ஓரம் என் பகுதிக்குள் வருகிறது. சில இடங்களில் லாவா ஒரு பள்ளத்தின் சுவரில் வந்து நின்றது நேற்று நடந்ததுபோல் தெளிவாக இருக்கும். அங்கே கை தயங்காமல் முழுக்கோடு போடும். வேறு இடங்களில் அதே ஓரம் நூறு கிலோமீட்டருக்கு மெல்ல மெல்லக் கரைந்து, பள்ளங்களுக்கு இடைப்பட்ட பழைய கரட்டு நிலமாகிவிடும். எங்கே கோடு போடுவது?

இந்தச் சங்கடத்துக்காகவே மரைனர் காலத்தவர்கள் நடுத்தரச் சமவெளி என்று மூன்றாவது வகையை வைத்தார்கள். வழுவழுப்பும் இல்லை, கரடும் இல்லை. 2014இல் ஒரு குழு மெசஞ்சர் படங்களில் அவற்றை மறுபடி பார்த்துவிட்டு, தனி வகை தேவையில்லை, ஒவ்வொன்றையும் இரண்டில் ஒன்றில் சேர்த்துவிடலாம் என்றது. அதற்குப் பிறகும் பல வரைபடங்களில் அது இருக்கிறது, என்னுடையதிலும் இருக்கிறது. சேர்ப்பவள் என்று சொல்லிக்கொள்பவள் ஏன் மூன்றாவது பெட்டியைக் காப்பாற்றினாள் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். என் வாதம் இதுதான். நான் பார்க்கும் நிலம் பல இடங்களில் உண்மையிலேயே இடைப்பட்டது. பழைய லாவாவின்மேல், அருகில் நடந்த பெருமோதலில் தெறித்த பாறைகள் மழைபோல் விழுந்து கொத்திவைத்திருக்கின்றன. புதனின் ஈர்ப்பு நிலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் தெறித்தவை தூரம் போகாமல் பக்கத்திலேயே அடர்ந்து விழும். அதைப் பழைய நிலத்தோடு சேர்த்தால் வயதைக் கூட்டிவிடுகிறேன். புது லாவாவோடு சேர்த்தால் பரப்பைக் கூட்டிவிடுகிறேன். எனக்குத் தெரியாததைத் தெரியாதது என்று வண்ணம் தீட்டவும் ஒரு பெட்டி வேண்டும்.

வரைபடத்தின் ஓரத்தில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும், இரண்டு பகுதியாக. முதலில் கண்ணுக்குத் தெரிவது: வழுவழுப்பு, கருமை, பள்ளங்களின் நெருக்கம். அடுத்துதான் அது என்னவாக இருக்கும் என்ற ஊகம்: லாவா, எறிபொருள், சாம்பல். இந்த இரண்டும் கலக்கக் கூடாது என்பதில் பழைய ஆட்கள் கண்டிப்பாக இருப்பார்கள், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. நிலவில் கேலி சமவெளி என்று ஒன்று உண்டு. படங்களை வைத்து அதையும் பக்கத்து டெகார்ட் மேட்டு நிலத்தையும் எரிமலையின் வேலை என்று நம்பி, அப்பல்லோ 16ஐ அங்கே அனுப்பினார்கள். 1972 ஏப்ரலில் ஜான் யங்கும் சார்லஸ் டியூக்கும் இறங்கிக் கல்லைப் பொறுக்கினால், கிடைத்ததெல்லாம் பெருமோதல்களில் நொறுங்கி ஒட்டிய பாறை. அங்கே போட்டிருந்த கோடுகள் பெரும்பாலும் நின்றன, ஊகம்தான் விழுந்தது. கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுதியிருந்ததால் வரைபடத்தைக் கிழித்துப்போட வேண்டி வரவில்லை.

வண்ணப் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. புதன் என்று இணையத்தில் வரும் நீலமும் ஆரஞ்சுமான படத்தைப் பார்த்து மயங்காதவர்கள் இல்லை. அது நிறமாலை வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு மிகைப்படுத்திய நிறம். நேரில் போனால் கண்ணுக்குத் தெரிவது கருஞ்சாம்பல்தான். ஆனால் வேலைக்கு அந்த மிகை ரொம்ப உதவும். ஆரஞ்சு சாய்ந்தவை பெரும்பாலும் இளைய லாவாச் சமவெளிகள். அடர்நீலம் என்பது கரிமம் கலந்த கரும்பொருள், மோதல்கள் ஆழத்திலிருந்து தோண்டிப் போட்டது. அப்புறம் வெளிர்நீலமாக மின்னும் சின்னச் சின்னப் பொத்தல்கள். இவற்றைத்தான் மெசஞ்சர் கண்ட அதிசயம் என்று நான் சொல்வேன். விளிம்பு இல்லாத, ஆழமற்ற குழிகள். பாறையிலிருந்து ஆவியாகக்கூடிய ஏதோ ஒன்று வெளியேறி நிலம் உள்வாங்கியது என்பதுதான் இப்போதைய கருத்து. இவை கொத்துக்கொத்தாக இருக்கும் இடங்களில் பேர்பெற்ற ஒன்று 97 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பள்ளம், அதன் பெயர் தியாகராஜா. புதனில் பள்ளங்களுக்குக் காலஞ்சென்ற கலைஞர்களின் பெயரை வைப்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் விதி, அந்தப் பட்டியலில் காளிதாசர், தான்சேன், சூர்தாஸ் எல்லோரும் இருக்கிறார்கள். திருவையாற்றுக்காரர் பள்ளம் என் பகுதியில் இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு வருவதோடு சரி.

எங்கள் அத்தைக்கு இதெல்லாம் சொன்னேன். “ஏன்டி, அங்க யாரும் போகவும் இல்ல, போகவும் போறதில்ல. எது மூத்தது எது இளையதுன்னு தெரிஞ்சு யாருக்கு என்ன?” என்றார். கேட்டவர் அதே வாரம் திருவெண்காட்டுக்குப் போய் என் படிப்புக்காகப் புதன் சந்நிதியில் பச்சை வஸ்திரம் சாத்திவிட்டு வந்தார். என் வரைபடத்திலும் பச்சை உண்டு, தேய்ந்துபோன பழைய பள்ளங்களுக்கு. இளைய பள்ளங்களுக்கு மஞ்சள்.

வயது என்று இவ்வளவு சொல்கிறேனே, ஆண்டுக் கணக்கில் எவ்வளவு? அது நிலவிடமிருந்து கடன் வாங்கியது. அப்பல்லோ கொண்டுவந்த கற்களின் வயதும் அவை கிடந்த நிலத்தின் பள்ள நெருக்கமும் தெரியும், அந்த உறவைப் புதனுக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறோம். அப்படிப் பார்த்தால் பெரிய லாவா வெள்ளங்கள் சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டன. எண்ணும்போதும் கவனம் வேண்டும். தெறித்த பாறைகள் உண்டாக்கும் இரண்டாம் நிலைப் பள்ளங்கள் புதனில் 8, 10 கிலோமீட்டர் அளவிலேயே கலந்துகொள்கின்றன. அதற்குக் கீழே எண்ணினால் மோதல்களைக் கணக்கிடுவதாக நினைத்து எதிரொலிகளைக் கணக்கிடுவோம்.

வரைந்து முடித்த பிறகு வருவது எல்லைத் தகராறு. என் பகுதியின் கிழக்கு ஓரத்தில் என் கோடு எங்கே முடிகிறதோ, அங்கே பக்கத்துப் பகுதிக்காரரின் கோடு தொடங்க வேண்டும். அவர் இத்தாலியர், பிரிக்கும் ஜாதி. முதல்முறை இரண்டு வரைபடங்களையும் ஒட்டிப் பார்த்தபோது என் வழுவழுப்புச் சமவெளி அவர் பக்கம் போனதும் திடீரென்று நடுத்தரமானது. என் இரண்டாம் வகுப்புப் பள்ளம் பாதியில் மூன்றாம் வகுப்பானது. இதற்கு நடுவர் கிடையாது. திரையைப் பகிர்ந்துகொண்டு, பள்ளம் பள்ளமாக, இருவரும் ஒத்துக்கொள்ளும் வரை பேச வேண்டியதுதான். எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி அது. தனியாக இருக்கும்போது ‘பார்த்தாலே தெரிகிறதே’ என்று போட்ட கோட்டை, இன்னொருவருக்குச் சொல்லிப் புரியவைக்க வார்த்தை தேட வேண்டும். கிடைக்காவிட்டால் முழுக்கோடு விடுகோடாகிவிடும். விடுகோடு என்றால் எல்லை இருக்கிறது, இடம் தோராயம் என்று பொருள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, ஒரு விடுகோடுகூட இல்லாத வரைபடத்தை நான் நம்ப மாட்டேன். மதிப்பாய்வாளர்கள் சிலர் நம்புவார்கள்போல் இருக்கிறது. ஒருவர் என் விடுகோடுகளையெல்லாம் வட்டமிட்டு ‘முடிவு செய்யவும்’ என்று எழுதி அனுப்பினார். முடிவு செய்ததால்தான் விடுகோடு என்று பதில் எழுதினேன்.

அடுத்த கலம் பெப்பிகொலம்போ. ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து 2018 அக்டோபர் 20இல் அனுப்பியது. உந்துவிசையில் வந்த கோளாறால் தாமதமாகி, 2026 நவம்பரில் சுற்றுப்பாதையில் அமரும் என்பது திட்டம். பாதை மெசஞ்சருடையதைவிட வட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும், தெற்கு நண்பர்களின் பெருமூச்சு அப்போது தீரும். முழுக் கிரகத்தையும் 3டியில் சுமார் 60 மீட்டர் நுட்பத்தில் எடுக்கப்போகிறது. டோப்ளர் கணக்கில் நான் இன்னும் மூன்று மடங்கு கிட்டப் போகலாம்.

அதற்காக ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன், முதலில் பார்க்க வேண்டிய விடுகோடுகள் என்று. முதல் இடம் கிழக்கு எல்லையின்மேல் கிடக்கும் ஒரு வழுவழுப்பான திட்டு, பாதி எனக்கு, பாதி இத்தாலியருக்கு. ஒரு பெரிய பள்ளத்திலிருந்து உருகித் தெறித்துத் தேங்கிய எறிபொருள் என்கிறார் அவர். எரிமலை லாவா என்கிறேன் நான். ஓரத்தில் லாவா வழிந்த முனை தெரிந்தால் எனக்கு, தெறிப்பின் வரிகள் தெரிந்தால் அவருக்கு. பந்தயம் ஒரு காப்பி, தோற்றவர் ஊருக்கு வென்றவர் போய்க் குடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. டிக்கெட் செலவு யாருடையது என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை.